வீட்டுக் கணினிப் பராமரிப்பு (யாழ்ப்பாணம்)

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக் கணினிக்கு வரும் கேடுகளில் பல மின்சாரத்தோடும் கடற்காற்றோடும் தொடர்புடையவை. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த பகுதி இது. பின்னர் 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு நிலவியது. கோப்பு எழுதப்படும் கணத்தில் மின்சாரம் நின்றால் அது சிதையலாம். மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். தேவைப்படுவது இதனால்தான். வேலையைச் சேமித்து, முறைப்படி நிறுத்தச் சில நிமிடங்களை அது தரும். அதன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அப்போது மாற்ற வேண்டும். இடிமின்னலின்போது மின்செருகியோடு றவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

கடலோர ஊர்களில் உப்பு ஈரம் உலோக இணைப்புகளை அரிக்கும். விசிறியில் படியும் தூசு வெப்பத்தைக் கூட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, மென்தூரிகையால் துடைத்தால் போதும், ஈரத்துணி கூடாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது படியெடுப்பு. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்படிகளாகக் காத்துவருகிறது. வீட்டுப் படங்களுக்கும் உறுதிகளுக்கும் குறைந்தது இரண்டு படிகள் வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பின் சேமிப்பது நல்லது.