வழக்கும் நடக்க வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும்

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சமூகத்துக்காக வழக்காடினால் சோறு கிடைக்குமா?" தியாகம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு வன்கொடுமை வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஆபீஸ் வாடகை கட்ட முடியாத வக்கீல் அதுவரை தாக்குப்பிடிக்க மாட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

ஜூலியஸ் சேம்பர்ஸ் 1936-இல் வட கரோலினா மாநிலத்தின் மவுண்ட் கிலியட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வண்டி மெக்கானிக். 1948-இல் ஒரு வெள்ளையர் தன் லாரியைப் பழுது பார்க்கச் சொல்லிவிட்டு, 2,000 டாலருக்கு மேல் ஆன பாக்கியைத் தர மறுத்தார். அப்பா ஊரிலிருந்த வெள்ளை வக்கீல்களிடம் போனார். ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. தான் வக்கீலாக வேண்டும் என்று மகன் முடிவு செய்தது அப்போதுதான்.

வட கரோலினா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் வகுப்பிலேயே முதல்வனாகத் தேறிய சேம்பர்ஸ், 1964-இல் சார்லட் நகரில் தனி ஆளாக ஆபீஸ் திறந்தார். சில வருடங்களில் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கறுப்பரும் ஆடம் ஸ்டைன் என்ற வெள்ளையரும் அவரோடு சேர்ந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கூட்டாக நடத்திய முதல் வக்கீல் நிறுவனம் அந்த மாநிலத்தில் அதுதான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1965-இல் அவருடைய காருக்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு வீட்டுக்கும் வைத்தார்கள். 1971 பிப்ரவரியில் ஆபீசைக் கொளுத்தினார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், அந்த ஆபீஸ் எடுத்து நடத்திய இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் வென்றன. ஒன்று, டியூக் மின் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினத் தொழிலாளர்கள் போட்ட வழக்கு. வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வை வைத்து ஒரு சமூகத்தாரை வடிகட்டினால், அது பார்வைக்குப் பொதுவான விதியாக இருந்தாலும் பாகுபாடுதான் என்று தீர்ப்பானது. மற்றொன்று, சார்லட் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்ற தீர்ப்பு.

பணம் எங்கிருந்து வந்தது? உரிமை வழக்குகளுக்கு நியூயார்க்கிலிருந்த கறுப்பின மக்களின் சட்டப் பாதுகாப்பு நிதியம் துணை நின்றது. கட்டணம் தரும் சாதாரண வழக்குகளையும் ஆபீஸ் எடுத்தது. இவற்றோடு சட்டமே திறந்துவிட்ட ஒரு வழியும் இருந்தது. 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின்படி, பாகுபாட்டை நிரூபித்து வென்றவரின் வக்கீல் கட்டணத்தைத் தோற்றவர் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இப்படி வழக்குப் போடுபவர் தனக்காக மட்டும் வாதாடவில்லை, பொதுமக்கள் சார்பாகவும் வாதாடுகிறார். ஆகவே வென்றால் கட்டணம் கிடைப்பதே பொது விதி என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் எழுதியிருந்தால் ஒழியக் கட்டணம் இல்லை என்று 1975-இல் அதே நீதிமன்றம் கதவைச் சாத்தியபோது, மறு ஆண்டே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு மற்ற உரிமை வழக்குகளுக்கும் கட்டணத்தை உறுதிசெய்தது.

தோழர்களே, கவனியுங்கள். சேம்பர்ஸின் அப்பா இலவச உதவி கேட்டுப் போகவில்லை, தனக்கு வர வேண்டிய கூலியைக் கேட்டுத்தான் போனார். அவருக்காக வாதாட ஊரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை இரக்கத்தால் நிரப்ப முடியாது. நிலைத்து நிற்கும் ஆபீசும், ஒடுக்கியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டமும் சேர்ந்துதான் அதை நிரப்பின.

நம்மிடமும் ஒரு சிறு கதவு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 4(5)-ஆம் விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்தத் தேர்ந்த மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் கட்டணம் கொடுத்து அமர்த்தலாம். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த முறை ஒரு குடும்பத்தோடு ஆட்சியர் அலுவலகம் போகும்போது, நிவாரண மனுவோடு இந்த மனுவையும் எழுதி எடுத்துப் போங்கள். நம் வக்கீலுக்குக் கூலி கேட்பதும் உரிமைக் கோரிக்கைதான்.