யார் கணக்கில் சோறு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றி வருகிறவர் பசியோடு ஊர் திரும்ப வழியில்லை. நெடுக, தொன்னையில் சாதத்தை வைத்து நீட்டும் கைகள். ரமணாசிரமத்தில் பகலில் சாதுக்கள் வரிசை கட்டுவார்கள். அண்ணாமலையார் கோயிலிலும் அன்னதானக் கூடம் உண்டு. இந்த ஊரில் சோறு போடுவது புண்ணியம். ஏன் போடுகிறாய் என்று போடுகிறவரை யாரும் கேட்பதில்லை.

அதே ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் கொதிக்கிற உலைக்கு வரலாறு வேறு. ‘எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அந்த உலை எரிகிறது. இந்த வாரம் அந்தக் கேள்வியின் கதை.

ஓர் அணா வழக்கு

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றம். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் எடுத்துவைத்த கருத்து எளிமையானது: ஆயிரம் விளக்குப் பள்ளிக்கு வருகிறவர்கள் ஏழைப் பிள்ளைகள், வறுமை அவர்களை வகுப்புக்கு வரவிடாமல் தடுக்கிறது. பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றம் ஒப்புக்கொண்டது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் போனது. 1922-23இல் 811ஆக இருந்த இப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று.

இவ்வளவு பலன் கண்ட திட்டம் 1925 ஏப்ரல் 1இல் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்துவிட்டது. அரிசிக்குப் பஞ்சமில்லை, கணக்கில்தான் இடமில்லை. இரண்டு ஆண்டுகள் வாதாடிய பிறகே அடுப்பு மீண்டும் எரிந்தது.

ஆறு காசும் நாலு காசும்

அடுத்த வாதம் கிராமங்களில் நடந்தது. முதலமைச்சர் காமராசருக்குத் துணை நின்றவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசுப் பணத்துக்குக் காத்திராமல் ஊராரிடம் போனார்கள். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவைக் காமராசர் தொடங்கிவைத்தார். அரிசியும் பருப்பும் விறகும் ஊர்க்காரர்கள் தந்தவை. அன்னதானம் என்ற பழைய வழக்கத்தைப் பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்து வந்த சாமர்த்தியம் அது.

ஆனால் தானத்துக்கு ஒரு குறை உண்டு: கொடுப்பவருக்கு மனம் மாறினால் இலை காலி. எனவே 1957இல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. அதில் ஆறு காசு அரசு, நாலு காசு உள்ளூர்ப் பங்கு. அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1989இல்தான். மழையை நம்பிப் பிழைக்கும் இந்த வறண்ட சீமையில், மகசூல் பொய்த்த வருஷத்தில் அந்த உள்ளூர்ப் பங்கைத் தேற்றுவது லேசான காரியமா?

1982 ஜூலை 1இல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டலாமா என்று படித்தவர்கள் கேட்டார்கள். சிறுவயதில் பட்டினி கிடந்தவரிடம் அந்தக் கேள்வி செல்லுபடியாகவில்லை. செப்டம்பரில் திட்டம் நகரங்களுக்கும் வந்தது. 1984இல் பதினைந்து வயதுவரை நீண்டது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று.

டெல்லி அசைய நாளானது. 1995இல் மத்திய அரசு திட்டம் அறிவித்தும், பல மாநிலங்களில் குழந்தைகள் கையில் கிடைத்தது மாதம் மூன்று கிலோ தானியம் மட்டுமே. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: தானியம் போதாது, சமைத்துப் போடு, குறைந்தது 300 கலோரி, ஆண்டுக்கு 200 நாள். அன்றிலிருந்து அது உரிமை. இன்று சமையல் செலவில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40. ஆறுக்கு நாலு என்ற அந்தப் பழைய கணக்கேதான், தோள் மட்டும் மாறியிருக்கிறது.

2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முழுக்க மாநிலச் செலவு. தொடக்கத்தில் ஒரு குழந்தைக்கு நாளுக்கு 12 ரூபாய் 75 காசு என்று மதிப்பிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைப் பள்ளிகளும் அதில் அடக்கம்.

இந்த நூறாண்டு வாதத்தில் இன்னும் தீராத கணக்கு ஒன்று உண்டு. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் புகையில் நிற்கும் பெண்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்னமும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல்களில் உட்காருகிறார்கள்.

மணிமேகலையின் அமுதசுரபிக்கு வரவு செலவு கிடையாது. அரசு அடுப்புக்கு உண்டு. அடுத்தமுறை சட்டமன்றத்தில் சமூகநலத் துறை மானியக் கோரிக்கை வரும்போது, எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையின் தட்டுக்கு எத்தனை ரூபாய், சமைத்தவர் கைக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். தியாகராயர் ஓர் அணாவில் தொடங்கிய கணக்கு அதுதான்.

(தொடரும்)