கூத்து கற்பித்த இடங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை எடுத்துக்கொண்டு, பாட்டும் உரையுமாகக் கதையை நகர்த்துவார். பகலில் அவர் சொன்ன கதை, இரவில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கூத்துக் களரிக்கு வரும். பொழுது விடியும்வரை கூத்து நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நாள்கணக்கில் போய்ப் படுகளத்தில் முடியும். ஒரே கதையைப் பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும், இரண்டையும் சனங்களின் முகத்துக்கு நேரே நின்று சொல்லும் ஊர்கள் இவை. இரவில் சொல்லுகிறவர்கள் இந்த வித்தையை எங்கே கற்றார்கள், இன்று எங்கே கற்கிறார்கள் என்பதை எழுதி வைக்க இந்த மலரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

நெடுங்காலம் கூத்துக்குத் தனியாகப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. வாத்தியார் வீடுதான் பள்ளிக்கூடம். பையன் முதலில் தாளம் தட்டுவான். பிறகு பின்பாட்டில் சேர்ந்துகொள்வான். பின்பாட்டைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. வேஷக்காரர் பாடும் ஒவ்வோர் அடியையும் திருப்பிப் பாடியாக வேண்டும் என்பதால், இரண்டு மூன்று பருவத்துக்குள் எல்லா வேஷத்தின் பாட்டும் அந்தப் பையன் வாயில் ஏறிவிடும். குரல் உடையாத வயதில் பெண் வேஷம், மீசை அரும்பியதும் அபிமன்யு, அதற்கு மேல்தான் அர்ச்சுனனும் கர்ணனும் துரியோதனனும். கட்டியக்காரன் வேஷம் எல்லாம் தெரிந்தவருக்கே கிடைக்கும். திரைக்குப் பின்னாலிருந்து வரும் ராஜாவை யார் எவர் என்று விசாரிப்பது அவர்தான். புராணத்தை ஊர்ப் பேச்சில் அவிழ்ப்பதும் அவர்தான். வேஷக்காரருக்கு வசனம் மறந்துபோனால் ஒரு கேள்வியைப் போட்டு எடுத்துக்கொடுப்பார். மூன்றாம் ஜாமத்தில் தலை சாய்ந்தவர்களைச் சிரிக்க வைத்து எழுப்புவார். தமிழில் சபையேறிக் கதை சொல்ல ஆசைப்படும் எவரும் முதலில் பார்த்துப் படிக்க வேண்டியது கட்டியக்காரனைத்தான் என்பது என் துணிபு.

கூத்தில் ஒரே செய்தி பல முறை வரும். விருத்தமாக இழுத்துப் பாடுவார்கள். அதையே தாளக்கட்டோடு பாட்டாகப் பாடி ஆடுவார்கள். மறுபடி வசனமாகப் பேசுவார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கோடியில் உட்கார்ந்தவருக்கும், நடுவில் எழுந்து போய்த் திரும்பியவருக்கும், கண்ணயர்ந்து விழித்தவருக்கும் கதை அறுந்துபோகாமல் பிடித்து வைத்த ஏற்பாடு இது. அதோடு, ஒவ்வொரு சுற்றும் ஒன்றைக் கூட்டுகிறது. விருத்தத்தில் மனசு தெரியும், ஆட்டத்தில் உடம்பு தெரியும், வசனத்தில் நியாயம் பேசப்படும். பாட்டு ஏட்டில் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். வசனம் பெரும்பாலும் அன்றைய இரவுக்குச் சொந்தம். எந்த ஊரில் ஆடுகிறோம், யார் முன்னால் ஆடுகிறோம் என்பதை வைத்து வாத்தியார் அதை நீட்டுவார், குறைப்பார். அச்சிட்ட கூத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூத்து கற்க முடியாமல் போவது இதனால்தான்.

இந்த வித்தை வீட்டுத் திண்ணையை விட்டு முதன்முதலாக நகரத்துக்கு நடந்த வழி புரிசை வழி. செய்யாறு வட்டத்துச் சிறிய ஊரான புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வந்தவர்கள். நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்த எழுத்தாளர் ந. முத்துசாமிக்கு, நாடகம் பற்றி அதுவரை இருந்த எண்ணமே புரண்டுபோயிற்று. அவர் தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்தவர். சிறுகதையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். கூத்துதான் தமிழருடைய அரங்கம் என்று ஊரைக் கூட்டி எழுதினார். அந்தக் கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாக வந்தன. 1977இல் அவர் முன்னின்று கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு, நாடக இயக்குநர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய பயிற்சி முகாம் நடந்தது. 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்காளத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் வந்து முகாம் நடத்தினார். நடிப்பும் கதை சொல்லலும் கூடி உட்கார்ந்து பயிலத்தக்கவை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேர்விட்டது அந்த நாலைந்து ஆண்டுகளில்தான்.

கூத்துப்பட்டறையில் புரிசைத் தம்பிரான் குடும்பத்துக் கண்ணப்ப தம்பிரான் சொல்லிக்கொடுத்தார். பரம்பரையாக வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்ந்து ஆடிய பிள்ளைகளுக்கும் மட்டுமே போய்வந்த வித்தையை, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வாத்தியார் தயங்காமல் கொடுத்தார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்தபோது பட்டறை முழுநேர நடிகர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. கூத்து அடவு, சிலம்பம், களரிப்பயிற்று, யோகம், குரல் பயிற்சி என்று நாள் முழுக்கப் பயிற்சி. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோரைச் சினிமா மூலமாக ஊர் அறியும். அவர்கள் உடம்பும் குரலும் பழகிய இடம் இதுதான். முத்துசாமி 2012இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018இல் காலமானார்.

இப்படிப்பட்ட பயிற்சி முகாமில் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு முகாமில் கர்ண மோட்சத்துப் பொன்னுருவிக் காட்சியை ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். கர்ணன் போருக்குப் போகுமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான்; தேரோட்டி மகன் என்று அவள் அவனை இழித்துப் பேசுகிறாள். கர்ணனாக நின்றவன் கல்லூரி மாணவன். நல்ல குரல், நல்ல மனப்பாடம். வசனத்தை மூச்சு விடாமல் கொட்டினான். வாத்தியார் அவனை நிறுத்தவில்லை. பின்பாட்டுக்காரரிடம் கண்ணைக் காட்டினார். அவர் முந்தின பாட்டின் கடைசி அடியை மறுபடி எடுத்து இரண்டு தடவை பாடினார். பையன் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேறு வேலை இல்லாததால் எதிரே நின்ற பொன்னுருவியைப் பார்த்தான். அடுத்து வந்த வசனம் பாதி வேகத்தில், எதிராளிக்கு இடம் விட்டு வந்தது.

வாத்தியார் அதோடு விடவில்லை. மைதானத்தின் கடைசியில் இருந்த வேப்பமரத்தடிக்கு அவனை அனுப்பி, அங்கிருந்து பேசச் சொன்னார். கத்தினான், வார்த்தை உடைந்து வந்ததே ஒழியப் புரியவில்லை. “கத்தாதடா. ஒவ்வொரு வார்த்தையையும் முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ. கடைசியில ஒரு கிழவி உக்காந்திருக்கா, அவளுக்குச் சொல்லு” என்றார். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முழுசாக விட்டதும், குரலை ஏற்றாமலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பத்துப் பேரை உட்கார வைத்து வகுப்பெடுத்தாலும் இறங்காத பாடம், அரை மணி நேரத்தில் இறங்கியது.

முகாமால் இவ்வளவும் முடியும். அடவு வரும், தாளம் பிடிபடும், அரிதாரம் பூசவும் கட்டை கட்டவும் கை பழகும், எதிராளியைப் பார்க்கக் கண் பழகும். வராத ஒன்று உண்டு. சபை கை நழுவும்போது அதை மறுபடி பிடிக்கும் தெம்பு முகாமில் வராது. முகாமில் பார்ப்பவர்கள் எல்லாரும் கூடப் படிக்கிறவர்கள், நல்லெண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் அப்படி இல்லை. குழந்தை அழும், டீக்கடையில் சத்தம் கேட்கும், ஒரு கூட்டம் எழுந்து வீட்டுக்குப் புறப்படும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை ராத்திரிகள்தான் கற்றுத் தரும். இதைப் புரிந்துகொண்டு பயிற்சியையும் ராத்திரியையும் சேர்த்துக் கட்டிய நிறுவனங்களே உருப்படியாக எதையாவது செய்திருக்கின்றன.

அப்படிக் கட்டியவர்களில் முதலில் வைத்துப் பேச வேண்டியவர் பெருங்கட்டூர் ராஜகோபால். கூத்துக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனாரிடமே கற்றவர். கூத்துக்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ராத்திரி முழுக்க ஆடிவிட்டுக் காலையில் எந்தப் பையன் பள்ளிக்கூடம் போவான்? கூத்தா படிப்பா என்று கேட்டால், ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க முடியும் என்ற நிலை. கூத்துக்காரர்களை ஒன்றுசேர்த்து 1990இல் காஞ்சிபுரத்தில், கட்டை கட்டி ஆடும் இந்தக் கூத்தின் பெயராலேயே கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. ராஜகோபாலும், கட்டைக்கூத்தை ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவருடைய துணைவியாருமான நெதர்லாந்து நாட்டு ஹன்னே டி ப்ரூனும் சேர்ந்து, 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசன்தாங்கலில் குருகுலம் தொடங்கினார்கள். ஒரே வளாகத்தில் பள்ளிப் பாடமும் கூத்தும், தங்கலும் சாப்பாடும். கூத்துக்காகப் படிப்பைத் தொலைத்தவர், அடுத்த தலைமுறை எதையும் தொலைக்கக் கூடாது என்று கட்டிய இடம் அது.

அங்கே நடந்த பெரிய காரியம் இன்னொன்று. ஆண்களே பெண் வேஷம் கட்டிய கலையில் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். திரௌபதியை மட்டும் கொடுத்து ஓரங்கட்டாமல், கனமான கட்டை கட்டும் ராஜ வேஷங்களையும் கொடுத்தார்கள். கட்டை செய்யும் கல்யாண முருங்கை மரம் எடை குறைந்ததுதான் என்றாலும், கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜக்கட்டையுமாக ஏற்றிக்கொண்டு கிறுகி அடித்து ஆடுவது விளையாட்டல்ல. ஆடிக்காட்டினார்கள். வயசுக்கு வந்த பெண்ணை ராத்திரிக் கூத்துக்கு அனுப்ப வீட்டில் சம்மதிப்பது, ஆடுவதைவிடக் கடினம் என்பதை இந்தப் பக்கத்துப் பெற்றோர் அறிவார்கள். அந்தச் சம்மதத்தை வாங்கிய பெருமை குருகுலத்தையும் அந்தப் பெற்றோரையும் சேரும். 2017இல் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரின் கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் ஏறிய நிகழ்ச்சியில் ராஜகோபாலும் அவர் குழுவினரும் நின்றதைச் சென்னை பார்த்தது. 2020இல் குருகுலப் பள்ளி மூடப்பட்டது. அதற்கு ஈடாக இன்னொன்று இன்றுவரை எழவில்லை.

புரிசைக்குத் திரும்புகிறேன். கண்ணப்ப தம்பிரானின் மகன் சம்பந்தத் தம்பிரான் பயிற்சியைத் தொடர்ந்து நடத்துகிறவர். தகப்பனார் நினைவாகப் புரிசையிலேயே ஆண்டுதோறும் நடக்கும் விழாவில் கூத்தும் நவீன நாடகமும் ஒரே களத்தில் ஏறுகின்றன. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் இறக்கை முளைத்த கிழவர் கதைகூடப் புரிசைக் கூத்தாக வந்திருக்கிறது. பாரிஸ் நகரத்து ஓரத்தில், பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் 1970 முதல் இயங்கிவரும் தெயாத்ர் து சொலேய் குழு, அரியான் முனுஷ்கின் தலைமையில் 2016 நவம்பரில் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தை அரங்கேற்றியது. அதில் துகிலுரிதலும் கர்ணன் இறப்பும் கூத்தாகவே வந்தன. ஆடிய வெளிநாட்டு நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சம்பந்தத் தம்பிரான். தமிழ் அறியாத நாக்குகள் தமிழிலேயே பாடின. 2017 டிசம்பரில் அந்த நாடகம் நியூயார்க்கிலும் நடந்தது. அந்தக் குழு வேண்டிய காலத்தை ஒதுக்கி, ஒரு வாத்தியாரிடம் அடங்கி உட்கார்ந்து கற்றது. நம் ஊரில் சனி, ஞாயிறு இரண்டு நாளில் கூத்து முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இரண்டு நாளில் அரிதாரம் பூசிப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

பல்கலைக்கழகங்களும் இதில் இறங்கின. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி தலைமையில் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து நாடகத் துறையும் கூத்தைப் பாடமாக்கின. படித்து வந்தவர்கள் ஆராய்ச்சியில் நிறையச் செய்திருக்கிறார்கள். களரியில் நின்றவர்கள் குறைவு.

பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு இப்போது தேவை வாத்தியாரும் இடமும் மட்டுமல்ல, ராத்திரியும். கூத்து பேசித் தாம்பூலம் வைக்கிற ஊர்கள் பெயர் பெற்ற கூத்துக் குழுவையும் பழகின வேஷக்காரரையும் கேட்பது இயல்பு. செலவு செய்கிற ஊர் நல்ல கூத்து கேட்கத்தான் செய்யும். ஆனால் பதினைந்து, இருபது நாள் பாரதம் வைக்கிற கோயில்கள் அதில் ஓர் இரவை, அதுவும் முடியாவிட்டால் ஓர் இரவின் முதல் ஜாமத்தை, பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். வில் வளைப்போ சுபத்திரை கல்யாணமோ கொடுங்கள். கர்ண மோட்சத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். தப்பு செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டியக்காரராக அனுபவசாலி ஒருவர் கூட நின்றால் எடுத்துக்கொடுத்துவிடுவார். பேசின தொகையில் குறைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் வந்தால் வேஷம் கட்டுவதற்குக் கதவுள்ள ஓர் அறையும், விடிந்ததும் ஊர் போய்ச் சேர வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். விழாக் குழுவினரும் நாட்டாண்மைக்காரர்களும் வரும் பங்குனிக்குத் தாம்பூலம் வைக்குமுன் இதைக் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.