ஆலங்குடிச் சீமையின் மொய்யும் பெண்கல்வியும்

ஆடி, ஆவணி மாதங்களில் ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் வழியாகப் பேராவூரணிக்குச் செல்லும் பிரயாணி எவரும், சாலையோரத்து மண்டபங்களில் மணமக்களோ முகூர்த்தமோ இல்லாமலே பந்தி பந்தியாகக் கிடாக்கறி விருந்து நடப்பதையும், உண்டு கைகழுவியவர்கள் நேரே மேஜையருகில் சென்று பணத்தைச் செலுத்தித் தம் பெயரையும் ஊரையும் நோட்டில் பதியச் சொல்வதையும் காணத் தவறமாட்டார். மொய் விருந்து என வழங்கும் இவ்வழக்கம் பேராவூரணிப் பக்கத்தில் தோன்றிப் பின்னர் ஆலங்குடி வட்டத்துக் கிராமங்களில் வேரூன்றியதாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் மொய் எழுதுவது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கமே. ஆனால், வீட்டில் விசேஷம் ஏதும் வராத குடும்பம் தான் ஊருக்கெல்லாம் எழுதிய மொய்யை எவ்வாறு திரும்பப் பெறும் என்ற நியாயமான கேள்விக்கு, விசேஷத்தையே விலக்கிவிட்டு விருந்தை மட்டும் தனியே நிறுத்திக்கொண்ட சாதுரியம் இந்தப் பிரதேசத்து விவசாயிகளுடையது.

செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பந்தலில் விருந்திடுவதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேஜையும் தனி நோட்டும் எழுதுபவர் ஒருவரும் இருப்பதும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குடும்பத்துக்கு முறை வருவதும் இதன் விதிகள். பத்திரமில்லை, ஜாமீனில்லை, வட்டி என்று பெயரிட்டு எதுவும் கேட்பதில்லை. பழைய மொய்யைத் திருப்பும்போது அதன்மேல் சிறிது புது மொய்யும் வைத்துக் கணக்கை உயிரோடு வைத்திருப்பதே மரியாதை. இவ்வாறு திரண்ட பணத்தில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன, வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் சிங்கப்பூருக்குக் கப்பலும் விமானமும் ஏறினர். சமீப காலங்களில் பெண்பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் அந்த ஜாபிதாவில் இடம்பெற்றது. இதே யுக்தி கடல்கடந்த நாடுகளிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் டிரினிடாடு முதலிய தீவுகளில் சூசூ என்ற பெயரில் முறைவைத்துப் பணம் சேர்த்துக்கொண்டார்கள். வங்கிகள் வாசலில் நிறுத்திய மனிதர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வங்கியை அமைத்துக்கொண்ட கதைதான் அதுவும்.

மொய்யின் பெருமையை இவ்வளவு சொன்ன பிறகு அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். முன்பு எழுதியவரே பின்பு பெறுவார். தென்னந்தோப்பும் மல்லிகைக் கொல்லையும் உள்ளவன் எழுதுவான். அந்தக் கொல்லையிலே பூப்பறித்து அன்றன்றைய கூலியில் ஜீவிப்பவளால் எழுத இயலுமோ? எழுதாதவளின் மகள் எத்துணை புத்திசாலியானாலும் அவளுக்காக மண்டபத்தில் மேஜை போடுவாரில்லை. உபகாரச் சம்பளம் என்பதோ இதற்கு நேர்மாறானது. இதுவரை ஒன்றும் கொடுக்காத, ஒருவேளை இனியும் கொடுக்க இயலாத ஒருத்திக்குச் செய்யப்படுவது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அத்தகைய உபகாரம் முதலில் அரண்மனையிலிருந்தே வந்தது. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று தாலுக்காக்களைக் கொண்ட அச்சிறு ராஜ்யத்தில், 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி என்னும் பெண் பிரத்தியேகமாகப் படித்து மெட்ரிகுலேஷன் தேறி மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எழுந்த ஆட்சேபங்கள் அற்பமானவை அல்ல; அவர் பெண் என்பது ஒன்று, தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர் என்பது மற்றொன்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வாட்சேபங்களைப் பொருட்படுத்தாமல் 1904இல் அனுமதியும் அளித்து, உபகாரச் சம்பளமும் வழங்கினார். ஆண்கள் மட்டுமே பயின்ற அவ்வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து கல்வி கற்ற அவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பட்டத்துடன் வெளியேறினார். மன்னரின் சித்தம் மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு, ஒருவருடைய தயவை நம்பிய கல்வியின் அபாயம் விளங்காமற் போகாது.

தயவையும் நம்பாமல், கைம்மாற்றையும் எதிர்பாராமல் சமூகமே கல்விக்குப் பொருள் திரட்டிய முறைக்குத் தெற்கே விருதுநகர் ஒரு சாட்சி. உயர்சாதியாரின் தெருக்களும் கோயில்களும் அடைக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார், வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கியும், வீட்டுப் பெண்கள் உலையிடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசியைத் திரட்டியும் பள்ளிகளை நடத்தினார்கள். காமராஜர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. அந்தப் பிடி அரிசியில் யாருடைய பிள்ளை படிக்கிறது என்று அரிசி தந்த வீட்டுக்காரி கேட்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவிலே, அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெற்றோருக்குப் பிறந்த மேரி மெக்லியோட் பெத்யூன் என்ற கறுப்பின மாது, 1904இல் ஒன்றரை டாலர் மூலதனத்தோடும் ஐந்து சிறுமிகளோடும் புளோரிடாவின் டேட்டோனாவில் ஒரு பாடசாலையைத் தொடங்கிச் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம் விற்று அதைக் காப்பாற்றினார். 1896இலேயே தேசிய அளவில் ஒன்றிணைந்திருந்த கறுப்பினப் பெண்களின் சங்கங்கள், சலவைத் தொழிலாளிகளும் சமையற்காரிகளும் தந்த சில்லறையைக் கொண்டு தங்கள் இனத்துப் பெண்களை மேற்படிப்புக்கு அனுப்பின. பணக்காரர்களுடைய அறக்கட்டளைகளைப் பற்றிச் சரித்திரம் விரிவாகப் பேசுகிறது. இந்தச் சில்லறையைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஆலங்குடிப் பகுதிக்கு மீண்டும் வருவோம். 1990களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் நடந்த அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள் கற்பித்தார்கள். காசாக அல்லாமல் உழைப்பாகவும் நேரமாகவும் எழுதப்பட்ட பெரிய மொய் அது என்பேன்; திரும்பக் கேட்டவர் எவருமில்லை. எழுத்தறிந்த தாய்மாரின் பெண்களே அடுத்த தலைமுறையில் மேல்நிலைப் பள்ளிகளை நிரப்பினார்கள் என்பது என் துணிபு.

மொய் வழக்கமும் கல்லாய் இறுகிப்போனதல்ல. 2018 நவம்பர் 16ஆம் தேதி வீசிய கஜா புயலில் தென்னைகள் வேரோடு சாய்ந்த பிறகு மொய் வசூலும் சுருங்கியது. ஆயினும் 2022இல் இலங்கை மக்கள் நெருக்கடியில் தவித்தபோது, ஆலங்குடிக்கு அருகே வம்பனில் ஒரு டீக்கடைக்காரர் அவர்களுக்காகவே மொய் விருந்து நடத்தினார். எழுதியவர்களுக்குத் திரும்பப் போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தே எழுதினார்கள். பாத்திரமும் பந்தியும் பழையவைதாம், பெறுகிறவர் மட்டுமே புதியவர்.

கல்வியில் இப்போது அரசாங்கமே முன்வந்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏற்பட்ட திருமண உதவித் திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அதற்கு முன்பே, 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தவுடன், கீரமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் சிலர் மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றனர். அந்த முதல் வருஷத்தில் தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு வழியின்றி மாணவர்கள் பலர் திகைத்து நின்ற பின்னரே, கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. விடுதிச் செலவு, புத்தகம், துணிமணி என்று மிஞ்சுகிறவற்றுக்கு இன்றும் பெற்றோர் மொய்யையோ கைமாற்றையோ நாட வேண்டியிருக்கலாம். அவ்வாறு வாங்கிய மொய்யைத் திருப்ப வேண்டிய தவணை ஏறத்தாழ ஐந்து ஆண்டு. மருத்துவப் படிப்போ, பயிற்சிக் காலம் உட்பட, ஐந்தரை ஆண்டு.