செவிலியர் கல்வி வளர்ந்த வரலாறு

பிள்ளைப்பேறு பார்ப்பதும் நோயுற்றோரின் உடலைத் தூய்மை செய்வதும் இழிதொழில் எனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் அப்பணியைச் செய்தோர் நாவிதர் குல மருத்துவச்சியரும் நம் குலத்து மூதாட்டியருமே ஆவர். குழந்தையை முதன்முதலாக ஏந்திய அதே கை, பின்னர் அவ்வீட்டுத் திண்ணையையும் தீண்டலாகாது என விலக்கப்பட்டது. தொண்டு தேவைப்பட்டது, தொண்டு செய்தவருக்கு மதிப்பில்லை.

இந்நிலையை மாற்றியது கல்வியே. 1860-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். 1907-இல் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மேரி அடிலெய்டு நட்டிங் அம்மையார் உலகின் முதல் செவிலியர் பேராசிரியரானார். பணிவிடை பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

தமிழகத்தில் இவ்வரலாறு வேலூரில் மலர்ந்தது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் டீலியா ஹௌட்டன் அம்மையார் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே டெல்லியிலும் இத்தகைய கல்லூரி தோன்றியது. இந்தியாவில் செவிலியர் பட்டக் கல்விக்கு இவ்விரண்டுமே முன்னோடிகள்.

வேலூர்க் கல்லூரியின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. அங்கே வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியையே நோயாளிகளின் பகுதியிலும் பொறுப்பேற்கிறார். பட்டம் பெற்றபின் நோயாளியைத் தொடாமல் ஒதுங்கி நிற்பது உயர்வு என்னும் எண்ணத்திற்கு அங்கு இடமில்லை. அக்கல்லூரியின் டீனாகப் பொறுப்பேற்ற முதல் இந்தியப் பெண்மணி அலெயம்மா குருவில்லா அம்மையார் ஆவார். அயல்நாட்டார் வகித்துவந்த தலைமையை நம் நாட்டுச் செவிலியரே ஏற்று நடத்த இயலும் என்பதற்கு அவர் சான்றானார்.

நம் மகளிர் இவ்வரலாற்றை ஊன்றி நோக்க வேண்டும். தொழில் மாறவில்லை, அதே குழந்தை, அதே குருதி, அதே தொடுகை. அறிவு சேர்ந்தது, மதிப்பும் சேர்ந்தது. எனவே இழிவு தொழிலில் இருந்ததன்று. கல்வியை மறுத்த சமுதாயத்தில் இருந்தது என்பது வெள்ளிடைமலை.

இன்று சேலத்திலேயே அரசு செவிலியர் கல்லூரி இயங்குகிறது. அரசு இடங்களில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதனுள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியர்க்கு உரியது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப்பின் இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவில் சேர்ந்தவரே அவ்வாயிலை அடைய இயலும். மேனிலைப் பள்ளியில் சேரும் அந்நாளில் தவறினால் ஒதுக்கீடு இருந்தும் பயனில்லை. பெற்றோர் இதனை மறத்தலாகாது.

பி.எஸ்சி.யோடு நிற்காமல் எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் பெற்று நம் பெண்கள் பேராசிரியராக வேண்டும். ஒரு செவிலி தம் வீட்டை உயர்த்துவார். செவிலியரை உருவாக்கும் ஆசிரியையோ ஒரு தலைமுறையையே உயர்த்துவார். நம் பாட்டியரின் கைகள் செய்த தொண்டுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.