சரணடைதலைப் பாடிய இருவர்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் தொடக்கத்தில் பாடியவை பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் குருமாரும் தங்கள் ஊர்ப் பாடல்களைத் தமிழாக்கி, அவற்றின் பழைய மெட்டிலேயே பாடக் கற்பித்தனர். தன்னை முழுவதும் இறைவன் கையில் விட்டுவிடும் உள்ளம் அந்தப் பாடல்களில் ஆழமாகவே இருந்தது. ஆனால் அந்நிய மெட்டுக்குள் தமிழ்ச் சொற்கள் நெருக்கிக்கொண்டு நின்றன.

இந்த நிலையை மாற்றியவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவனாக இருந்தபோதே லுத்தரன் குருவான சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜி அங்கே அவருடைய இளமைத் தோழர். கர்நாடக இசை செழித்திருந்த அந்த ஊரில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பைச் சாஸ்திரியார் இயேசுவின் புகழுக்குரியதாக்கினார். குறவஞ்சி, கும்மி போன்ற நாட்டு வடிவங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெத்லகேம் குறவஞ்சி 1800இல் பாடப்பட்டது. பாவத்தை அறிக்கையிட்டு, வேறு துணையில்லை என்று ஆண்டவரின் பாதத்தில் விழுவதே அவருடைய கீர்த்தனைகளில் திரும்பத் திரும்ப வரும் நிலை.

1820களில் மிஷனுக்குப் புதிதாக வந்த குருமாருடன் அவருக்குப் பிணக்கு மூண்டது. வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, வழிபாட்டிலிருந்து தமிழிசையை விலக்குவது ஆகியவற்றை அவர் எதிர்த்தார். இசையைப் பொறுத்தவரை நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆனால் சபைக்குள் சாதி வேற்றுமையைக் களையும் முயற்சியையும் அவர் அதே மூச்சில் எதிர்த்தார். அனைத்தையும் இறைவனிடம் ஒப்புவிக்கச் சொன்ன கவிஞர் சாதியை மட்டும் ஒப்புவிக்கவில்லை. அவருடைய வரலாற்றை எழுதும் எவரும் இதை மறைக்கக் கூடாது. இந்தப் பிணக்கில் தம் மிஷன் வேலையை இழந்த அவரைச் சரபோஜி ஆதரித்தார். சாஸ்திரியார் 1864இல் மறைந்தார்.

இரண்டாமவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர் கம்பராமாயணச் சூழலில் வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறிஸ்தவத்தை நெருங்கி அறிந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். திருமாலின் அருளை நம்பித் தன்னையே அடைக்கலமாகக் கொடுக்கும் வைணவச் சரணாகதி மரபு அவருக்கு அன்னியமானதன்று. நம்பிக்கையின் நாயகர் மாறினார். தகுதியற்றவனையும் தேடிவந்து மீட்கும் அன்பின் முன் கரைந்து நிற்கும் பாங்கு மாறவில்லை. அவர் கவிதையின் உயிர் அதுவே.

அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தின் கதையே அதற்கு அடிப்படை. எனினும் மூலத்தில் அவ்வாறு விரிக்கப்படாத கிறிஸ்துவின் பாடுகளை அவர் குமார பருவம் என்ற பகுதியில் காவிய நடையில் விரித்துரைத்தார். காவியத்தின் இடையிடையே வரும், தேவாரம் எனப்படும் இசைப்பாடல் பகுதிகளில் கதை நின்று மன்றாட்டு மட்டும் ஒலிக்கிறது. முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதிகளையாவது படிக்க வேண்டும். அவர் 1900இல் காலமானார்.

கிருஷ்ண பிள்ளையின் காவியம் பெரும்பாலும் புலவரிடமே தங்கிவிட, சாஸ்திரியாரின் கீர்த்தனை பாமரர் நாவிலும் ஏறியது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதும் அது தஞ்சைக்கு வெளியே பரவ உதவியது. மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளும் தமிழ் மெட்டில் அமைந்த கீர்த்தனைகளும் தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் ஆராதனைகளில் இன்றும் சேர்ந்தே பாடப்படுகின்றன.