கேரம் போர்டும் கொஞ்சம் வரலாறும்

எங்கள் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்கள் நாலைந்து இருந்தன. சார் வெளியே போனதும் எல்லோரும் திறப்பது ஒன்றைத்தான், பின்பால். ஸ்பேஸ் கேடட் என்று பெயர். இரண்டு பக்கமும் இரண்டு துடுப்பு, நடுவில் ஒரு குண்டு. குண்டு கீழே விழுந்தால் போச்சு. அது நிஜத்தில் மேஜை அளவுக்கு ஒரு இயந்திரம், அதற்கு உலக ரேங்கிங் எல்லாம் இருக்கிறது என்பது காலேஜ் வந்த பிறகுதான் தெரிந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஞாபகம் வந்ததோ ஐந்தருவியில் எங்கள் மாமா கடையில் கிடக்கும் கேரம் போர்டு. அதனால் இந்தக் கட்டுரை பாதி பின்பால், முக்கால்வாசி கேரம். கணக்கு இடிக்கிறது, பரவாயில்லை :-)

முதலில் பின்பால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931-ல் அமெரிக்காவில் காட்லீப் கம்பெனி 'பாஃபிள் பால்' என்ற இயந்திரத்தைக் கொண்டு வந்தது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். ஒரு சென்ட் காசுக்குப் பொழுது போகிறது என்றால் விடுவார்களா? கடைக்குக் கடை வந்துவிட்டது. ஆனால் அப்போது அதில் துடுப்பு கிடையாது. குண்டைத் தள்ளிவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் 'இது சூதாட்டம்' என்று 1942-ல் நியூயார்க் மேயர் லகார்டியா தடை போட்டார். போலீஸ் சம்மட்டியால் இயந்திரங்களை உடைப்பதைப் புகைப்படம் வேறு எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். துடுப்பு வந்தது 1947-ல், 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தில். ஆட்டம் கைத்திறமைக்கு மாறிவிட்டது, சட்டம் மட்டும் மாறவில்லை. 1976-ல் ராஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகரசபைக் குழு முன்னால் இயந்திரத்தை வைத்து, 'இப்போது குண்டு நடு வழியாகப் போகும்' என்று சொல்லி அடித்துக் காட்டினார். போயே விட்டது. தடையும் நீங்கியது. அந்த ஒரு அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டாராம்!

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஏனென்றால் இதே வழக்கு எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. தீர்ப்பு மட்டும் வேறு மாதிரி.

மாமா (அம்மாவின் தம்பி) ஐந்தருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சீசனில் நிற்க நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வேலை இருக்காது. அந்த மற்ற மாதங்களில்தான் போர்டு வெளியே வரும். சிறுவயதில் அவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் சொல்லும் ஆட்டக்காரராம். டீக்கடைப் பின்புறத்தில் காசு வைத்து ஆடுகிறவர்களும் இருந்ததால், தாத்தாவுக்கு கேரம் என்றாலே சீட்டுக்கட்டு மாதிரிதான். 'உருப்படுவியால நீ' என்று கத்திவிட்டு ஒருநாள் போர்டைக் கோடாலியால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். லகார்டியாவுக்குச் சம்மட்டி, எங்கள் தாத்தாவுக்குக் கோடாலி.

அது நடந்தது 1996-ல் என்று மாமா சொல்வார். அந்த வருடத்தை அவர் மறக்காததற்குக் காரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது கிடைத்த வருடம் அது. கேரமுக்காக முதன்முதலில் அந்த விருதை வாங்கியவர் அவர்தான். 1991, 1995 இரண்டு முறையும் உலக சாம்பியன், தேசிய சாம்பியன் ஒன்பது முறை. மாமா பேப்பரைக் கொண்டுபோய் தாத்தாவிடம் காட்டியிருக்கிறார். 'அவன் மெட்ராஸ்காரன்' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது.

தாத்தா சொன்னதில் ஒரு நிஜம் இருக்கத்தான் செய்கிறது. கேரம் விளையாட்டாக ஆனது சென்னையில்தான். இந்த ஆட்டம் எங்கே பிறந்தது என்பதற்கு உறுதியான சான்று யாரிடமும் இல்லை. பாட்டியாலா அரண்மனையில் கண்ணாடியால் ஆன ஒரு போர்டு இருப்பதாகச் சொல்லி எல்லோரும் அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். அகில இந்திய கேரம் சம்மேளனம் 1956-ல் வந்தது. அப்புறமும் ஊருக்கு ஒரு விதிதான். எங்கள் பக்கம் கறுப்பு பத்து, வெள்ளை இருபது, ரெட் ஐம்பது. சிலர் கட்டைவிரலால் அடிக்கலாம் என்பார்கள், சிலர் கூடாது என்று சண்டைக்கு வருவார்கள். 1988 அக்டோபர் 15-ஆம் தேதி சென்னையில் சர்வதேச கேரம் சம்மேளனம் தொடங்கியது. பங்காரு பாபு போன்றவர்கள் இதற்காக அலைந்தவர்கள். விதிகளை ஒன்றாகத் தொகுத்ததும் அப்போதுதான். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, காயின் ஐந்து முதல் ஐந்தரை கிராம், ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், காயின் ஒன்றுக்கு ஒரு பாயின்ட், ரெட்டுக்கு மூன்று, 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு. மூன்று ஆண்டு கழித்து முதல் உலகப் போட்டி டெல்லியில்.

இவ்வளவு சின்ன விஷயங்களை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். எழுதி வைத்தால்தான் வேறு ஊர்க்காரன் வந்து உங்களோடு ஆட முடியும். அதுவரை உங்கள் தெருவில் நீங்கள் ராஜா, அவ்வளவுதான்.

சென்னையிலும் இந்த ஆட்டத்தை வளர்த்தது பெரிய அரங்குகள் இல்லை, வடசென்னையின் தெருக்கள். தெருமுனை மன்றம், ஒரு டிரம் மேலே போர்டு, தலைக்கு மேலே ஒரு பல்பு. பத்து பேருக்கு ஒரு போர்டு போதும், மைதானம் வேண்டாம். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடுவான். நின்று வேடிக்கை பார்க்கும் நேரத்தில்தான் கட் அடிப்பதும் ரீபவுண்ட் அடிப்பதும் பிடிபடும். 'வட சென்னை' (2018) படத்தில் தனுஷ் நடித்த அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரன் என்பது சும்மா வைத்த விஷயம் இல்லை. வியாசர்பாடியிலிருந்து போன இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கினார். ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள், அப்போது வயது பதினேழு. அடுத்த மாதம் குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனதும் அரசு ஐந்து கோடி அறிவித்தது. 'காசிமாவுக்கு?' என்று பலரும் கேட்டார்கள். பிறகு அவருக்கு ஒரு கோடி வந்தது. குகேஷுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் முதல் தடவை யாரும் கேட்காமலே கிடைத்தது, இரண்டாவது கேட்ட பிறகு கிடைத்தது. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. அதுதான் காரணம் என்பார்கள். எனக்கென்னவோ நம் எல்லோர் வீட்டுத் தாத்தாவும் காரணம் என்றுதான் தோன்றுகிறது.

சரி, ஐந்தருவிக்கு வருவோம். சென்னையில் இல்லாத ஒரு எதிரி எங்களுக்கு உண்டு, சாரல். காற்றில் ஈரம் இருந்தால் பவுடர் மாவு மாதிரி திரண்டுவிடும். காயின் பாதி வழியில் நின்றுவிடும். பலகை உப்பி நடுவில் மேடு தட்டும். பல்பைத் தாழ இறக்கிக் கட்டி, போர்டுக்குச் சூடு காட்டித்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். ஈரத்துக்கு ஏற்ற மாதிரி அடியில் எவ்வளவு பலம் கூட்டுவது என்று மாமாவுக்கு அத்துப்படி. காய்ந்த ஊர் போர்டில் உட்கார வைத்தால் அவருக்கே நாலு அடி வெளியே போகும் என்பது வேறு விஷயம்.

போன வருடம் நாங்கள் ஐந்து பேர் காசு போட்டு, பழைய போர்டு ஒன்று தென்காசியில் வாங்கி அவர் கடையில் வைத்தோம். விதி மூன்றுதான். காசு வைத்து ஆடக்கூடாது. சர்வதேச விதிப்படிதான் ஆட்டம், பத்து இருபது கணக்கு கிடையாது. தோற்றவர் எழுந்திருக்க வேண்டும். முதல் மாதம் நாங்கள் ஐந்து பேர் மட்டும். பிறகு பக்கத்துப் பழக்கடைப் பையன்கள், ஒரு வேன் டிரைவர் அண்ணன், தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆன ஒரு தாத்தா (இவர் அடிக்கிற டபுள் யாருக்கும் வராது). பழக்கடை அக்காவின் மகள் ஏழாவது படிக்கிறாள். மூன்று மாதம் தூணைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைதான் பார்த்தாள். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு' என்று அவள் ஆச்சி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணன் தோற்று எழுந்ததும் மாமா அவளைப் பார்த்து, 'கையத் தொடச்சிட்டு வந்து உக்காருளா' என்று விற்பனைக்கு வைத்திருந்த புதுத் துண்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். முதல் போர்டிலேயே ரெட்டைப் போட்டாள். ஃபாலோ போடத் தெரியவில்லை, ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிட்டது. ஆச்சி கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.